கிணற்றில் குதிப்பவனுக்கு எடை எவ்வளவு? நிறை, எடை, எடையின்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளில் பாதி ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டவை. மீதி, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்து, தாங்களே குழம்பிப்போன அப்பா அம்மாக்கள் கேட்டவை. இரண்டாவது கூட்டத்தின் கேள்விகள்தான் பெரும்பாலும் சுவாரசியமானவை.

நிறைக்கும் எடைக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சைக்கு வேண்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு பொருளை அசைக்கவோ, ஓடுவதை நிறுத்தவோ எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதன் அளவு நிறை. அலகு கிலோகிராம். அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை. அலகு நியூட்டன். நிறையை 9.8 ஆல் பெருக்கினால் பூமியில் அதன் எடை வந்துவிடும். ஒரு கிலோ அரிசியின் எடை 9.8 நியூட்டன். நூறு கிராம் வெங்காயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், அது ஏறத்தாழ ஒரு நியூட்டன்.

அந்த வெங்காயத்தை நிலவுக்குக் கொண்டுபோனாலும் நிறை அதே நூறு கிராம்தான். எடை மட்டும் ஆறில் ஒரு பங்காகிவிடும்.

இலங்கைப் புத்தகத்தில் 'நிறையின் அலகு நியூட்டன்' என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. இணையத்தில் தமிழில் இயற்பியல் தேடிப் படிப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் முட்டிக்கொள்ளும் இடம் இது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை, எடை என்று இரண்டு சொற்கள். இலங்கையில் அதே இரண்டுக்கும் திணிவு, நிறை என்று பெயர். அதாவது கிலோகிராமில் அளப்பது இங்கே நிறை, அங்கே திணிவு. நியூட்டனில் அளப்பது இங்கே எடை, அங்கே நிறை. ஒரே சொல் பாக் நீரிணையைத் தாண்டியதும் பொருள் மாறிவிடுகிறது. பழைய தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'பொருண்மை' என்றும் பார்க்கலாம், அதுவும் கிலோகிராம் சமாச்சாரம்தான்.

யார் சொல்வது சரி என்று கேட்டால், எனக்கு இலங்கைக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. நிறுத்துப் பார்ப்பதால் வருவது நிறை. தராசுக்கே 'நிறைகோல்' என்று பழைய பெயர் இருக்கிறது. 'திணிவு' என்றதும் பொருள் திணிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் தமிழ்நாட்டு வழக்கையே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் இலங்கையில் படிப்பவர் என்றால், நான் நிறை என்னும் இடத்திலெல்லாம் திணிவு என்றும், எடை என்னும் இடத்தில் நிறை என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கடையில் 'எடை 5 கிலோ' என்கிறார்களே, அது தவறா?

தவறே இல்லை. பேச்சில் எடை என்றால் நிறைதான். மளிகைக் கடையில் போய் '49 நியூட்டன் அரிசி கொடுங்கள்' என்று யாரும் கேட்க வேண்டாம். பரீட்சைத் தாளில் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

எடையைத் தூக்கினால் தெரிகிறது. நிறையை எப்படி உணர்வது?

சமையலறையில் சிலிண்டரை வைக்கும் சக்கர ஸ்டாண்டு இருக்கிறது அல்லவா, அதுவே போதும். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு, மேற்கொண்டு ஏறத்தாழ அதே அளவு இரும்பு. முழுச் சிலிண்டர் முப்பது கிலோவை நெருங்கும், காலிச் சிலிண்டர் அதில் பாதி.

முழுச் சிலிண்டரை ஸ்டாண்டில் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். அதன் எடையைத் தரை தாங்கிக்கொண்டிருக்கிறது, நீங்கள் எதையும் தூக்கவில்லை. ஆனாலும் கிளப்ப ஒரு முக்கு முக்க வேண்டியிருக்கிறது. கிளம்பிய பிறகு சுவரில் இடிக்காமல் நிறுத்த இன்னொரு முக்கு. காலிச் சிலிண்டரை அதே வேகத்தில் தள்ளிப் பாருங்கள், பாதி சிரமம்தான். சக்கரம் உருளும்போது வரும் உராய்வுக்கு ஒரு சிறு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிறுத்தும்போது உராய்வு உங்கள் கட்சி. அப்போதும் கையை எதிர்த்துத் தள்ளுவது எதுவோ, அதுதான் நிறை.

விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். முந்நூறு கிலோ அலமாரியை ஒரு விரலால் நகர்த்தலாம். ஆனால் நகரத் தொடங்கிய அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கையைக் கொடுத்தால் விரல் நசுங்கும். எடை போய்விட்டது, முந்நூறு கிலோ போகவில்லை.

நகைக் கடை எலக்ட்ரானிக் தராசும் பழைய இரட்டைத் தட்டுத் தராசும் ஒன்றையேதான் அளக்கின்றனவா?

இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

இரட்டைத் தட்டுத் தராசு ஒப்பிடும் கருவி. ஒரு தட்டில் நகை, மறு தட்டில் எடைக்கல். பூமி இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பதால் அந்த இழுப்பு கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. நிலவுக்குக் கொண்டுபோனாலும் முள் அதே இடத்தில் நிற்கும். அது அளப்பது நிறையை.

எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பது லோட் செல் என்ற ஒரு சிறு உலோகத் துண்டு. நகையை வைத்ததும் அது மயிரிழை வளைகிறது, எவ்வளவு வளைந்தது என்பதை மின்சாரம் சொல்கிறது. அதாவது அது அளப்பது விசையை, எடையை. திரையில் காட்டுவதோ கிராம், நிறை. நடுவில் தராசு 'இந்த ஊரில் பூமியின் இழுப்பு இவ்வளவு' என்று நம்பி ஒரு வகுத்தல் கணக்கு போடுகிறது. அந்த நம்பிக்கை தப்பினால் கணக்கும் தப்பும்.

லண்டனில் பூமியின் இழுப்பு சென்னையைவிட ஏறத்தாழ 0.3 சதவீதம் அதிகம். லண்டனில் சரிபார்த்த ஒரு தராசை அப்படியே எடுத்துவந்து தி.நகரில் வைத்தால், பத்துப் பவுன், அதாவது 80 கிராம் தங்கம், கால் கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். இன்றைய விலையில் அது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் நல்ல தராசுகளை எந்த ஊரில் பயன்படுத்தப்போகிறார்களோ அங்கேயே, தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

அப்படியென்றால் பூமியிலேயே ஊருக்கு ஊர் எடை மாறுமா?

மாறும். நிலநடுக்கோட்டில் பூமி சுழற்சியால் உப்பியிருக்கிறது. அங்கே நிற்பவர் பூமியின் மையத்திலிருந்து துருவத்தில் நிற்பவரைவிட 21 கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கிறார். அந்தச் சுழற்சியே இழுப்பில் கொஞ்சத்தைத் தின்றும்விடுகிறது. இரண்டும் சேர்ந்து நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. அறுபது கிலோக்காரரின் எடை மெஷினில் இது 300 கிராம் வித்தியாசம். கொடைக்கானல் ஏறினால் சில பத்து கிராம் குறையும். மலையேறி இளைத்துவிட்டதாகச் சந்தோஷப்பட அது போதாது.

இதை முதலில் மோப்பம் பிடித்தது தராசு வைத்திருந்தவர்கள் இல்லை, கடிகாரம் வைத்திருந்தவர்கள். 1672இல் ஜான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் கயேனுக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே தினமும் இரண்டரை நிமிடம் தாமதமாக ஓடியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கிய பிறகுதான் நேரம் ஒத்துவந்தது. ஊசலைக் கீழே இழுப்பது பூமி, அந்த இழுப்பு அங்கே குறைவு. பூமி நடுவில் பருத்த உருண்டை என்று நியூட்டன் வாதாடியபோது இந்தக் கடிகாரம் அவருக்குப் பெரிய சாட்சி. நம் ஊரிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1820களின் தொடக்கத்தில் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆட்டி அளந்து, முடிவை லண்டனுக்கு எழுதி அனுப்பினார்.

நிலவில் எடை பார்த்தால்?

பூமியில் 60 காட்டும் மெஷின் அங்கே 10 காட்டும். அப்பல்லோ வீரர்கள் போட்டிருந்த உடையும் முதுகுப் பையும் சேர்ந்து பூமியில் ஏறத்தாழ 90 கிலோ. நிலவில் அது 15 கிலோ மூட்டை மாதிரி. துள்ளி நடக்க முடிந்தது அதனால்தான். ஆனால் அவர்கள் அடிக்கடி தடுமாறி விழுந்ததையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். உடம்பும் உடையுமாக 160 கிலோ நிறை முழுசாக அப்படியே இருக்கிறது, காலுக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு மட்டும் ஆறில் ஒரு பங்கு. கிளம்பலாம், நிற்பதுதான் கஷ்டம். மறுபடியும் சிலிண்டர் ஸ்டாண்டுதான்.

'தோற்ற எடை' என்பது என்ன? எடை என்ன வேஷமா போடுகிறது?

பத்தாம் வகுப்புப் பாடத்தில் லிஃப்ட் உதாரணத்தோடு வருவது. படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. டிஜிட்டல் மெஷின் வேண்டாம், அது ஒரு எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு மாற மறுக்கும். முள் சுற்றும் பழைய மெஷின் ஒன்றை எங்கிருந்தாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் எங்கள் குடியிருப்பு லிஃப்டில் செய்தேன். ஏறி நின்றதும் முள் 62. ஏழாவது மாடி பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் கிளம்பிய அந்த நொடியில் முள் 66க்குத் தாவியது, உடனே 62க்கு இறங்கி ஐந்து மாடிக்கும் அசையாமல் நின்றது. ஏழாவது மாடி நெருங்கி வேகம் குறைந்தபோது 58. இறங்கும்போது இதே கதை தலைகீழாக. மூன்றாவது மாடியில் ஏறிய பக்கத்து வீட்டு மாமி, 'லிஃப்டுல வச்சு பாத்தா கம்மியா காட்டுமா?' என்று ஆவலாகக் கேட்டார். காட்டும் மாமி, ஆனால் அரை நொடிக்குத்தான்.

இந்த நேரம் முழுக்கப் பூமி என்னை இழுத்த விசை மாறவே இல்லை. மாறியது, மெஷின் என் பாதத்தைத் தள்ளிய விசை. லிஃப்ட் மேலே வேகமெடுக்க வேண்டுமானால் அது என்னைச் சும்மா தாங்கினால் போதாது, கூடவே மேலே தள்ளவும் வேண்டும், அதனால் 66. முள் காட்டுவது இந்தத் தள்ளலைத்தான். அதற்குத்தான் தோற்ற எடை என்று பெயர்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நம் உடம்பும் அந்த மெஷின் மாதிரிதான். பூமியின் இழுப்பை நாம் ஒருபோதும் நேராக உணர்வதில்லை. உள்ளங்கால், உட்காருமிடம், முதுகு என்று தரையோ நாற்காலியோ கட்டிலோ திருப்பித் தள்ளும் இடத்தில்தான் 'கனக்கிறது' என்று உணர்கிறோம். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எல்லாக் கேள்விக்கும் பதில் தானாக வந்துவிடும்.

அந்தத் தள்ளல் அடியோடு போய்விட்டால்?

அதுதான் எடையின்மை. நீங்கள் அதை அனுபவித்திருக்கிறீர்கள். டவுன் பஸ்ஸில் கடைசி சீட், ஓட்டுநர் வேகத்தடையைக் கவனிக்கவில்லை. பின் சக்கரம் ஏறி இறங்கும்போது சீட் உங்களைத் தூக்கி எறிந்துவிட்டுத் தான் கீழே போய்விடுகிறது. அடிவயிறு ஜிலீர் என்கிறது. சீட்டுக்கு மேலே அரைச் சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பத்து சென்டிமீட்டர் எழும்பினால்கூட, கால் நொடிக்குச் சற்று மேலாக நீங்கள் விண்வெளி வீரர். அப்புறம் இடுப்பு சொல்லும் மீதிக் கதையை.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை, அதனால்தானே மிதக்கிறார்கள்?

எனக்கு வந்த கேள்விகளிலேயே அதிகம் வந்தது இதுதான். பதில், ஈர்ப்பு தாராளமாக இருக்கிறது.

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. கேட்கப் பெரிய தூரம் மாதிரி இருக்கும், ஆனால் சென்னையிலிருந்து மதுரைக்கு இதைவிட அதிகம். பூமியின் ஆரமே 6,371 கிலோமீட்டர். அதோடு 400ஐச் சேர்த்து, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுப்பு குறையும் என்று கணக்குப் போட்டால், அந்த உயரத்தில் தரையில் இருப்பதில் 88 சதவீதத்துக்கு மேல் இழுப்பு மிச்சமிருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் எடை மெஷின் வைத்தால், 60 கிலோக்காரருக்கு 53 காட்டும். அங்கே யாரும் மிதக்க மாட்டார்கள். கையிலிருக்கும் டீ கிளாஸை விட்டால் கீழே விழுந்து உடையும்.

உண்மையில் ஈர்ப்பு இல்லாவிட்டால் விண்வெளி நிலையம் அங்கே சுற்றிக்கொண்டே இருக்காது. நேர்கோட்டில் எங்கோ போய்த் தொலைந்திருக்கும். 3,84,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலவையே இந்த இழுப்புதான் கட்டிப்போட்டிருக்கிறது.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்?

விழுந்துகொண்டிருக்கிறார்கள், அதனால்.

கிராமத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீருக்கு ஐந்து மீட்டர். ஒரு பையன் இரண்டு கையிலும் ஒரு தேங்காயை ஏந்திக்கொண்டு சுவர்மேல் நிற்கிறான். தேங்காய் உள்ளங்கையை அழுத்துகிறது, சுவர் பாதத்தை அழுத்துகிறது. குதிக்கிறான். தண்ணீரைத் தொட ஏறத்தாழ ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பாதத்துக்குக் கீழே எதுவும் இல்லை. தேங்காயும் அவன் விழும் அதே வேகத்தில் விழுவதால் கையை அழுத்துவதை நிறுத்திவிட்டது. விரலைப் பிரித்தால் அது அப்படியே கைக்கு மேல் நிற்கும். பாதத்தில் எடை மெஷினைக் கட்டிக்கொண்டு குதித்திருந்தால் முள் பூஜ்யத்தைக் காட்டியிருக்கும். பூமி அவனை முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இது நடக்கிறது.

தண்ணீர் வந்துவிடுவதால் விளையாட்டு ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. விண்வெளி நிலையத்தில் முடிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விழுந்துகொண்டே இருந்தால் என்றாவது தரையில் மோத வேண்டாமா?

பக்கவாட்டு வேகம் காப்பாற்றுகிறது. நிலையம் ஒரு நொடியில் 4.3 மீட்டர் பூமியை நோக்கி விழுகிறது, கிட்டத்தட்ட நம் கிணறு. ஆனால் அதே ஒரு நொடியில் 7.7 கிலோமீட்டர் முன்னால் பாய்ந்தும்விடுகிறது. பூமி உருண்டை ஆயிற்றே, அவ்வளவு தூரம் போவதற்குள் கீழே இருக்கும் தரையும் அதே 4.3 மீட்டர் வளைந்து இறங்கிவிடுகிறது. விழுந்த அளவுக்குத் தரை விலகிப்போகிறது. அடுத்த நொடியும் அதே. இப்படி 92 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வந்துவிடுகிறது. கிணற்றின் தண்ணீர் மட்டம் நீங்கள் விழும் வேகத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

மேலே மிச்சமிருக்கும் மெல்லிய காற்று நிலையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இறக்கும் என்பது வேறு விஷயம். அவ்வப்போது எஞ்சினை இயக்கி உயர்த்திவிடுகிறார்கள்.

பையனும் தேங்காயும் ஒரே வேகத்தில் விழுவார்களா? பையன் கனம் அல்லவா?

பையனைப் பூமி அதிகமாக இழுக்கிறது, உண்மை. ஆனால் அவனை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். இருபது மடங்கு நிறை, இருபது மடங்கு இழுப்பு. இரண்டும் கழிந்துபோய் வேகம் ஒன்றாகிவிடுகிறது. காற்று குறுக்கிடாதவரை இப்படித்தான். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்காட் காற்றே இல்லாத நிலவில் ஒரு கையில் சுத்தியல், மறு கையில் வல்லூறின் இறகு என்று பிடித்து, கேமரா முன்னால் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

தூக்கும்போது தெரியும் நிறையும் தள்ளும்போது தெரியும் நிறையும் ஏன் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போக வேண்டும் என்பது நியாயமான சந்தேகம். 1907இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது கிட்டத்தட்ட நம் கிணற்றுப் பையன்தான். கூரையிலிருந்து விழுபவனுக்குத் தன் எடை தெரியாது என்ற அந்த எண்ணத்தைத் தன் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான எண்ணம் என்று அவர் பின்னாளில் சொன்னார். ஈர்ப்பு பற்றிய அவருடைய கொள்கையான பொதுச் சார்பியல் அங்கிருந்து முளைத்தது.

'மைக்ரோ கிராவிட்டி' என்கிறார்களே, ஈர்ப்பு குறைவு என்றுதானே பொருள்?

பெயர் ஏமாற்றுகிறது. நிலையத்துக்குள் உணரப்படும் தோற்ற எடை கிட்டத்தட்டப் பூஜ்யம், ஆனால் அச்சு அசல் பூஜ்யம் இல்லை. காற்றின் மெல்லிய இழுவை, மின்விசிறிகளின் அதிர்வு, யாராவது சுவரை உதைத்து நகர்வது என்று சில்லறை விசைகள் இருந்துகொண்டே இருக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் அந்தப் பெயர்.

எடையே இல்லாத இடத்தில் வீரர்கள் எப்படி எடை பார்க்கிறார்கள்?

பார்த்தே ஆக வேண்டும். அங்கே எலும்பும் தசையும் கரையும், யார் எவ்வளவு இளைக்கிறார்கள் என்று மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் மெஷின்மேல் நிற்க முடியாது, மிதந்து போய்விடுவார்கள்.

எனவே எடையை விட்டுவிட்டு நிறையையே நேராகப் பிடிக்கிறார்கள். ரஷ்யப் பகுதியில் இருக்கும் கருவி ஒரு சுருள்வில். வீரர் அதைக் குரங்குக்குட்டி தாயைக் கட்டிக்கொள்வதுபோல வயிற்றோடு கட்டிக்கொண்டு சுருண்டு இருக்க, அது அவரை மேலும் கீழுமாக ஊஞ்சல் ஆட்டுகிறது. நிறை கூடியவர் என்றால் மெதுவாக ஆடும், குறைந்தவர் என்றால் சட்சட்டென்று. ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால் நிறை தெரிந்துவிடும். 1973இல், அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலாப் காலத்திலேயே இதே முறை இருந்தது, நாற்காலி வடிவத்தில். நாசாவின் கருவி வேறு மாதிரி: தெரிந்த ஒரு விசையால் ஆளை இழுத்து, எவ்வளவு முடுக்கம் வருகிறது என்று பார்க்கிறது. விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை. நியூட்டனின் இரண்டாம் விதி, பள்ளியில் மனப்பாடம் செய்த அதே வரி.

ஒன்று கவனியுங்கள், கருவி ஆட்டும்போது உடம்பை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். தொளதொளவென்று இருந்தால் குடல் ஒருபக்கம், கை ஒருபக்கம் ஆடி அளவு தப்பிவிடும்.

தண்ணீரில் மிதப்பதும் எடையின்மைதானா?

இல்லை, ஒத்திகை மட்டும்தான். தண்ணீர் உங்களைச் சுற்றிலுமிருந்து தள்ளித் தாங்குகிறது. ஒரே இடத்தில் அழுத்தாமல் உடம்பு முழுக்கப் பரப்பித் தள்ளுவதால் லேசாகத் தோன்றுகிறது. உள்ளே எதுவும் மாறவில்லை: தலைகீழாக நின்றால் ரத்தம் தலைக்கு ஏறும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு மேல் கீழ் தெரியும். ஹூஸ்டனில் நாசா 12 மீட்டர் ஆழக் குளம் ஒன்றை வைத்து விண்நடைக்குப் பழக்குகிறது. ஆனால் அந்தக் குளத்தில் கையிலிருந்து நழுவிய ஸ்பானர் அடியில் போய் உட்கார்ந்துவிடும். விண்வெளியில் அப்படி உட்காராது.

பாராசூட்டில் இறங்கும்போது?

குதித்த முதல் சில நொடிகள் கிட்டத்தட்ட எடையின்மை. வேகம் கூடக் கூடக் காற்று திருப்பித் தள்ளத் தொடங்கும். வேகம் நிலைத்த பிறகு முழு எடையும் திரும்பிவிடும், காற்று மெத்தையில் படுத்திருப்பதுபோல.

விண்வெளிக்குப் போகாமல் எடையின்மையை உண்டாக்க முடியுமா?

முடியும், நேரம்தான் கம்மி. விமானத்தை 45 டிகிரிக்கு மேல் ஏற்றிவிட்டு, எறிந்த கல் போகும் வளைபாதையிலேயே அதைப் பறக்கவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு 22 நொடி எடையின்மை. பிரான்சில் போர்தோ நகரிலிருந்து பறக்கும் ஏர்பஸ் ஏ310 இப்படி ஒரே பயணத்தில் 31 முறை செய்கிறது. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் எடை 1.8 மடங்காகிவிடுவதால் வயிறு என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இத்தகைய அமெரிக்க விமானம் ஒன்றுக்கு வாந்தி வால்நட்சத்திரம் என்ற பொருளில் பட்டப்பெயரே உண்டு.

ஆள் வேண்டாம், பொருள் மட்டும் போதும் என்றால் உயரமான கோபுரத்திலிருந்து பெட்டியைப் போட்டுவிடலாம். ஜெர்மனியின் பிரெமன் கோபுரத்தில் காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில் 110 மீட்டர் விழுகிறது, 4.7 நொடி கிடைக்கிறது. சென்னை ஐஐடியிலும் இப்படி ஒன்று இருக்கிறது, இரண்டரை நொடி. கிணற்றைவிட ஒன்றரை நொடி கூடுதல்தானா என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம், அதற்கே முப்பது மீட்டர் வேண்டும். எரிதல் பற்றி ஆராய்பவர்களுக்கு அந்த நேரம் போதும். சூடான காற்று மேலே போவது எடை இருப்பதால்தான். எடை போய்விட்டால் மெழுகுவர்த்திச் சுடர் நீளமாக நிற்காமல் நீலமான ஒரு சின்ன உருண்டையாகிவிடும்.

பூமியின் மையத்துக்குப் போனால்?

எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதால் எடை பூஜ்யம். நிறை அப்படியே. இது விழுவதால் வரும் எடையின்மை இல்லை, அசல் எடையின்மை. போய்ச் சேர்வதுதான் பிரச்சினை.

நீண்ட நாள் எடையின்மையில் உடம்புக்கு என்ன ஆகும்?

தரை தள்ளாததால் காலுக்கு வேலை இல்லை. எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதம், அதற்கும் சற்று மேல் கரைகின்றன. ரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறி முகம் உப்பும், கால் குச்சியாகும். முதுகெலும்பு அழுந்தாததால் உயரம் கொஞ்சம் கூடும், இறங்கியதும் பழையபடி. தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி கட்டாயம்.

மனசுக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். 2025 ஜூனில் விண்வெளி நிலையத்துக்குப் போய் ஜூலையில் திரும்பிய சுபான்ஷு சுக்லா, வந்த பிறகு கைப்பேசியே கனத்தது என்றார். ஒருநாள் கட்டிலில் இருந்தபடி மடிக்கணினியை மூடி, அது மிதக்கும் என்ற நினைப்பில் பக்கத்தில் காற்றிலேயே விட்டுவிட்டாராம். நல்லவேளை, தரையில் கம்பளம்.

வீட்டிலேயே எடையின்மையைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுங்கள். அடிப்பக்கத்தை ஒட்டிப் பக்கவாட்டில் ஆணியைச் சூடாக்கி ஒரு துளை போடுங்கள். துளையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வையுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் வளைந்து பீறிட்டு வரும். மேலே இருக்கும் தண்ணீரின் எடை கீழே இருப்பதை அழுத்துவதால் அது வருகிறது.

இப்போது ஒரு ஸ்டூல்மேல் ஏறி, தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டிலைக் கையிலிருந்து விடுங்கள். சுழலாமல் நேராக விழவேண்டும். விழுந்துகொண்டிருக்கும் அந்த அரை நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் துளையிலிருந்து ஒரு சொட்டுகூட வராது. தண்ணீர் தண்ணீரை அழுத்தவில்லை. கண்ணுக்கு வேகம் பிடிபடாவிட்டால் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள், பீறிட்ட கோடு விட்ட இடத்தில் வெட்டினாற்போல நின்றுபோயிருக்கும்.

மொட்டை மாடியில் செய்வது நல்லது. நான் முதல் தடவை ஹாலில் செய்தேன். துடைத்தது நான்தான்.